பாதை கூறாமைச் சட்டம்

முனைவர் தில்லைநாயகி தொலைக்காட்சியில் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். அதில் அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் அடுத்த ஆண்டு சட்டமாகப் போகிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பாள்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் குன்றின் அடிவாரத்தில், தரைக்குக் கீழே இருந்தது அவளுடைய ஆய்வுக்கூடம். குன்று முழுக்க ஒரே பாறை. தரை அதிராது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். அதே பாறையை இன்னொருவரும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். குன்றின் மறுபக்கத்தில் கல் குவாரி வந்தது. அங்கே வெடி வைத்தால் இங்கே சோதனை கெட்டுப்போகும். ஆகவே குவாரிக்கு விடுமுறை விடும் நாள்களில்தான் நாட்டின் அறிவியல் முன்னேறியது.

அவள் செய்தது இதுதான். பெரிய மூலக்கூறுகளைக் காற்றே இல்லாத ஒரு நீளக் குழாய்க்குள் ஒவ்வொன்றாக அனுப்புவாள். வழியில் மூன்று இடங்களில் லேசர் ஒளியாலான கீற்றணிகள். சீப்பின் பற்கள் மாதிரி வெளிச்சமும் இருளும் மாறி மாறி நிற்கும். துகள் என்றால் ஏதாவது ஓர் இடைவெளியில் நுழைந்து போக வேண்டும். ஆனால் மறுமுனையில் விழும் தடத்தைப் பார்த்தால், தண்ணீர் அலைகள் கலந்தது போல வரி வரியாக இருக்கும். ஒற்றை மூலக்கூறு பல இடைவெளிகள் வழியாகவும் அலையாகப் பரவிப் போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

“நேயர்களுக்குப் புரியுற மாதிரி ஒரே வரியில சொல்லுங்க மேடம்” என்றாள் பேட்டி எடுத்த பெண்.

“யாரும் பார்க்காதப்போ, ஒரு பொருள் எந்த வழியா போச்சுன்னு கேக்குறதே தப்பு. பார்த்தா, அதோட போக்கே மாறிடும்” என்றாள் தில்லைநாயகி. உடனே, “ஆனா இது காத்தில்லாத குழாய்க்குள்ள, ரொம்பச் சின்னப் பொருளுக்கு மட்டும்தான்” என்றும் சொன்னாள். அந்த இடத்தில் பட்டுப்புடவை விளம்பரம் வந்துவிட்டது.

முதல் வாக்கியத்தைக் கேட்டவர்களில் குவாரி முதலாளியும் ஒருவர். அவர் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆழமாகச் சிந்திக்கக்கூடியவர் என்று பெயர்.

பாதை கூறாமைச் சட்டம் 2046, பதினோரு நிமிட விவாதத்தில் நிறைவேறியது. பதினோரு நிமிடத்தில் ஏழு நிமிடம் தமிழனின் அறிவியல் பெருமையைப் பற்றியது. பிரிவு மூன்று: யாரும் பார்க்காத பொருள் எந்த வழியாகச் சென்றது என்று எவரும் உறுதிபடக் கூறக் கூடாது. பிரிவு நான்கு: பார்ப்பதே பொருளின் போக்கை மாற்றிவிடும் என்பது அறிவியல் முடிவாதலால், ஒரு பொருளை முதலில் பார்த்தவர் யாரோ, அது சென்ற பாதைக்கு அவரே பொறுப்பு. முன்னுரையில் ‘முனைவர் தில்லைநாயகி அவர்களின் ஆய்வின்படி’ என்று இருந்தது. ஆய்வுக்கூட இயக்குநர் அம்பலவாணன் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

ஆறே மாதத்தில் ஊர் மாறிவிட்டது. கிடங்கிலிருந்து கிளம்பிய ரேஷன் அரிசி மூட்டைகள் கடைக்கு வராவிட்டால், எங்கே போயின என்று கேட்பது குற்றமானது. ஆற்றிலிருந்து போன மணலுக்கும் அதே கதி. நெடுஞ்சாலைக் கேமராக்களை அதிகாரிகளே ஏணி வைத்து ஏறி வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். ஜனங்களும் கற்றுக்கொண்டார்கள். தெருவில் போகும்போது கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் யாராவது பையைப் பறித்துக்கொண்டு ஓடினால், நிற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் செல்போனில் அழைப்பு வந்தது. முதலில் பார்த்தவராக ஆகிவிடக் கூடாதே!

தில்லைநாயகி மூன்று கடிதங்கள் எழுதினாள். மூன்றும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அவை எந்த வழியாகப் போயின என்று கேட்க முடியவில்லை.

அவளுடைய குழாயில் காற்றில்லாமல் பார்த்துக்கொண்டவர் திம்மராயன். ஐம்பத்திரண்டு வயது, எட்டாம் வகுப்பு. எட்டு வெற்றிடப் பம்புகளில் எது சரியில்லை என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் ஒருநாள் பம்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே கேட்டார்.

“மேடம், ஒரு சந்தேகம். நம்ம மூலக்கூறு பல வழியாவும் போவுது, சரி. கல்லு லாரியுமா அப்படிப் போவும்?”

“போகாது.”

“ஏன் மேடம்? அதையும்தான் யாரும் பாக்கறதில்லையே இப்ப.”

“பார்க்குறதுன்னா கண்ணால பார்க்குறது இல்ல, திம்மராயன். நீங்க எதுக்கு பதினோரு நாள் பம்பு ஓட்டிக் காத்தை எல்லாம் எடுக்குறீங்க?”

“ஒரு துளிக் காத்து இருந்தாலும் வரி அழிஞ்சிடுதுன்னு நீங்கதானே திட்டுவீங்க.”

“ஏன் அழியுது? ஒரு காத்து மூலக்கூறு வந்து இடிச்சாலே, இது இங்கதான் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது ஒரு சாட்சி. சூடா இருந்தா வெப்பம் கசியும், அதுவும் சாட்சி. லாரியை எத்தனை காத்து இடிக்குது, எத்தனை வெயில் படுது! கோடி கோடி சாட்சி. அது ஒரே வழியாத்தான் போகும். மனுஷன் தலையைத் திருப்பிக்கிட்டா உலகம் தலையைத் திருப்பிக்காது.”

திம்மராயன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். “இத டிவியில சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொன்னேன். புடவை காட்டிட்டாங்க.”

சாதனை நாள் மாரியம்மன் திருவிழாவன்று வந்தது. குவாரிக்கு முழு விடுமுறை. லாரிகள் ஓடாது என்று எழுத்தில் வாங்கியிருந்தார் இயக்குநர். நாற்பதாயிரம் அணுக்கள் கொண்ட ஒரு புரத மூலக்கூறு. அவ்வளவு பெரிய ஒன்றை அலையாக யாரும் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்குச் சோதனை தொடங்கியது. பத்தரைக்கு, குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் போதாது போல இருந்தது. திம்மராயன் தன் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். “அரை மணியில வந்துர்றேன் மேடம், பம்பு மூணைக் கொஞ்சம் காதுல வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்த நைட்ரஜனே எப்படியோ தாக்குப்பிடித்தது; அவர் திரும்பாததைத் தரைக்குக் கீழே யாரும் கவனிக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு வரிகள் தெரிந்தன. மெல்லியவை, ஆனால் வரிகள்தான். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தில்லைநாயகி திரும்பித் திம்மராயனைத் தேடினாள். அப்போதுதான் காவலாளி படியிறங்கி வந்தார்.

ஆய்வுக்கூட வாசலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, மேற்குச் சாலை வளைவில், டீக்கடைக்கு எதிரே அவர் உடல் கிடந்தது. மொபெட் தகடாகியிருந்தது. குன்றிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக இரண்டு சாலைகள். மேற்குச் சாலை ஆய்வுக்கூடத்தை ஒட்டிப் போகிறது. கிழக்குச் சாலை குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டிலும் கேமராக்கள் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

டீக்கடைக்காரர் முனுசாமியை இன்ஸ்பெக்டர் விசாரித்தார். “பால் பொங்கிட்டிருந்துச்சு சார். நான் பாலைத்தான் பார்த்தேன்” என்றார் அவர். கடையில் இருந்த ஆறு பேரும் பாலையே பார்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுதினார்: ‘வாகனம் எதுவும் இவ்வழியே வந்ததாகக் கூற இயலாது. இறந்தவர் தானே விழுந்திருக்கலாம். மது அருந்தியிருக்கலாம்.’

சாதனை உலகம் முழுக்கச் செய்தியானது. ஆய்வறிக்கையின் நான்காம் பக்கத்தில் ‘அன்று நாள் முழுவதும் தரை அதிர்வு ஏதும் பதிவாகவில்லை’ என்றொரு வரி இருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் அவ்வளவு மெல்லிய வரிகளை யாரும் நம்ப மாட்டார்கள். துக்கத்திலும் அவசரத்திலும், இயக்குநர் நீட்டிய இடத்தில் தில்லைநாயகி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இருபது நாள் கழித்துத் திம்மராயனின் மனைவி மாதம்மா வந்தாள். குழாய் இருக்கும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கையில் போலீஸ் கொடுத்த காகிதம்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு மேடம். குடிச்சிருக்கலாம்னு எழுதியிருக்காங்களாம். அந்த மனுஷன் கோயில்ல குடுக்கற தீர்த்தத்தையே யோசிச்சுக் குடிப்பாரு. மருமவ வூட்ல கூட இப்ப ஒரு மாதிரி பேசறாங்க.”

“எனக்குத் தெரியும்மா. நானும் எழுதிக் கொடுத்தேன், அவர் குடிக்க மாட்டார்னு.”

“நீங்க எழுதுனா பத்தாதாம். லாரி வந்துச்சுன்னு யாராச்சும் சொல்லணுமாம். யாரும் பாக்கலையாம்.” மாதம்மா அந்த நீளக் குழாயைப் பார்த்தாள். “இது எல்லாத்தையும் கண்டுபிடிக்கற மிசினுன்னு சொல்லுவாரு. ஈ நடந்தாக்கூடத் தெரிஞ்சிரும்னு.”

அவள் போன பிறகு தில்லைநாயகி சாதனை நாளின் மூலப்பதிவைத் திறந்தாள். கீற்றணிகளை உண்டாக்கும் கண்ணாடிகள் ஒரு முடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் வரிகள் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடியில் ஓர் அதிர்வு உணரி உண்டு. சோதனை முடிந்ததும் கெட்டுப்போன பகுதிகளை வெட்டி எறிவது வழக்கம். அன்று ஒரே ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. பதினொன்று பதினான்கிலிருந்து நாற்பது வினாடி. வெட்டியவளும் அவள்தான். எதனால் கெட்டது என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பார்த்தாள். கனமான ஒன்று குவாரிப் பக்கமிருந்து மேற்குச் சாலையில் இறங்கி வருகிறது. வளைவில் ஒரு சின்ன உதறல். பிறகு பிரேக். ஐந்து வினாடி நிற்கிறது. அதன் பின் மறுபடி கிளம்பி, வேகமெடுத்து, போயே விடுகிறது.

அந்த ஐந்து வினாடியை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். யாரோ இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறார்கள்.

இயக்குநர் அம்பலவாணன் பதிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தில்லை, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ‘அதிர்வு இல்லை’ன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்கே. நம்ம சாதனை பொய்யின்னு ஆகும்.”

“அந்த வரி பொய்தான் சார். நாற்பது வினாடி அதிர்வு இருந்திருக்கு.”

“நாற்பது வினாடி! பத்து மணி நேரத்துல!”

“அந்த நாற்பது வினாடியிலதான் திம்மராயன் செத்திருக்கார்.”

அம்பலவாணன் குரலைத் தணித்தார். “லாரிதான்னு யார் பார்த்தா?”

தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய தலைக்கு மேலே, சட்டத்தின் முன்னுரைப் பக்கத்தின் இரண்டாவது நகல் மாட்டியிருந்தது. அதில் தன் பெயரை ஒருமுறை படித்துவிட்டு வெளியே வந்தாள்.

திம்மராயனின் சாவை விசாரிக்க அரசு ஒரு நபர் ஆணையம் வைத்திருந்தது. தாசில்தார் அலுவலக மாடியில் விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், குவாரி உரிமையாளர் சங்கத்துக்காக வழக்கறிஞர் பொன்னம்பலம், சுவரோரம் மாதம்மா. பொதுமக்கள் வந்திருந்தார்கள், எல்லோரும் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லைநாயகி முதலில் தன் அறிக்கையின் நான்காம் பக்கத்து வரி பொய் என்று சொன்னாள். அதற்கே அரை மணி ஆனது. பொய் என்று தானாகவே சொல்லும் சாட்சியை எந்தப் படிவத்தில் பதிவது என்று எழுத்தருக்குத் தெரியவில்லை. பிறகு அதிர்வுப் பதிவைத் திரையில் காட்டினாள். காற்றைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் திம்மராயனிடம் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

பொன்னம்பலம் எழுந்தார். “காற்று பார்த்தது என்கிறீர்கள். அந்தக் காற்றை இங்கே அழைத்துவர முடியுமா?”

“இந்த அறையிலயே இருக்கு சார். நீங்க மூச்சு விட்டுக்கிட்டிருக்கீங்க.”

யாரோ சிரித்தார்கள். யார் என்று யாரும் பார்க்கவில்லை.

பொன்னம்பலம் கோபப்படவில்லை. மறுநாள் வேறு வாதத்தோடு வந்தார். கெட்டிக்காரர். பதிவை மறுக்க முடியாது என்று இரவோடு இரவாகப் புரிந்துகொண்டிருந்தார். “கனம் நீதிபதி அவர்களே, லாரி மேற்குச் சாலையில்தான் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் வந்தது? இரண்டு சாலையிலும் பரவிப் போய்க்கொண்டிருந்த லாரியை, உலகத்திலேயே நுட்பமான கருவியைத் தரைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தது யார்? இவர்! இவர் பார்த்த கணத்தில்தான் லாரி மேற்குச் சாலைக்கு வந்து சேர்ந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் திம்மராயன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். பிரிவு நான்கின்படி முதல் பார்வையாளர், முனைவர் தில்லைநாயகியே!”

மாதம்மா சுவரோரத்திலிருந்து, “அய்யோ, அந்தம்மா இல்லீங்க” என்றாள். அமைதி காக்கும்படி அவளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

தீர்ப்பு பதினைந்தாம் நாள் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு முத்திரை. தில்லைநாயகி வாழ்நாள் முழுவதும் எதையும் அளக்கக் கூடாது. அளவுகோல், கடிகாரம், தெர்மாமீட்டர் உட்பட. சாதனை திரும்பப் பெறப்பட்டது. முதல் பார்வையாளர் என்ற வகையில் சம்பவத்துக்கான முழுப் பொறுப்பும் அவளுடையது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள்.

அவள் வீட்டில் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்தாள். அதிகாரி வந்து அதை எடுத்துப் போனார். பதினேழு வருட வேலை. அழவேண்டும் போல இருந்தது; சாப்பிடக் கூப்பிட ஆளில்லாத வீட்டில், எதற்காக என்று தெரியாமல் குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. டீக்கடை முனுசாமி. பின்னால் ஆறு பேர்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கதான் மொதல்ல பார்த்தவங்கன்னு தீர்ப்பு. அது உறுதிதானே? மாத்திட மாட்டாங்களே?”

“ஏன் கேக்குறீங்க?”

“இல்ல... மொதல்ல பார்த்தவங்கதானே பொறுப்பு. ரெண்டாவதா பார்த்தவனுக்கு ஒண்ணும் இல்லைன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு.” முனுசாமி பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நான் ரெண்டாவதா பார்த்தேன் மேடம்.”

“நான் மூணாவது” என்றார் பின்னால் நின்றவர்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. அதே நேரத்தில் வேறு ஒருவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். மாலையில் வழக்கறிஞர் பொன்னம்பலமே நேரில் வந்தார். இயக்குநர் அம்பலவாணனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சும்மா” என்றார் பொன்னம்பலம். “மேல்முறையீடு போடுங்க. நானே எழுதித் தர்றேன். நீங்க முதல் பார்வையாளரே இல்லைன்னு நிரூபிச்சுடலாம். காத்து வாதம் அருமையான வாதம். அன்னைக்கு நான்தான் சரியாக் கேட்டுக்கல.”

“குழாயைத் திரும்பத் திறந்துடலாம், தில்லை” என்றார் அம்பலவாணன். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. “குவாரியில வாரத்துக்கு நாலு நாள் வெடி வைக்க மாட்டேன்னு சொல்றாங்க. நாலு நாள்! நினைச்சுப் பாரு, எவ்வளவு பெரிய மூலக்கூறு வரைக்கும் போகலாம்.”

தில்லைநாயகி நினைத்துப் பார்த்தாள். ஒரு வைரஸ் வரைக்கும் போகலாம். மெல்லிய வரிகள் மெல்ல மெல்லத் தெளிவாகி வருவது கண்முன்னால் தெரிந்தது. சட்டத்தின் அபத்தத்தை நீதிமன்றத்திலேயே உடைக்கலாம்; சரியான அறிவியலைச் சொல்லி ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஜெயித்த மறுநிமிடம், முதலில் பார்த்தவர் வேறு யாரோ என்றாகிவிடும். முனுசாமியும் மற்ற ஆறு பேரும் மறுபடி பாலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

“நான்தான் பார்த்தேன் சார்” என்றாள். “முதல்ல பார்த்தது நான்தான். தீர்ப்பு சரியா இருக்கு.”

“இது அறிவியலே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?” அம்பலவாணன் கத்திவிட்டார்.

“தெரியும் சார். எனக்குத்தான் நல்லாத் தெரியும்.”

முப்பதாம் நாள் கெடு முடிந்தது. முப்பத்தொன்றாம் நாள் காலை காவல் நிலைய வாசலில் ஏழு பேர் நின்றார்கள். தில்லைநாயகி மாதம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

முனுசாமி வண்டி எண்ணைச் சொன்னார். இன்னொருவர் ஓட்டியது யார் என்று சொன்னார். குவாரி முதலாளியின் மச்சான். இன்னொருவர், லாரி நின்ற ஐந்து வினாடியில் மச்சான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததைச் சொன்னார். ஒருவர் சொல்வது போதவில்லை என்று அடுத்தவர் சேர்த்தார். அத்தனை மாதம் பார்க்காமல் இருந்தவர்கள் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள்! கல்லின் நிறம், கட்டியிருந்த சங்கிலி, கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படம். இன்ஸ்பெக்டர் இரண்டு பேனா மாற்றினார்.

“ஏழு பேர் நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க” என்றார் எழுதிக்கொண்டே. “ஒருத்தராவது கிட்டப் போனீங்களாய்யா?”

முனுசாமி, “போனோம் சார்” என்றார். “எல்லாருமா தூக்கி நெழல்ல படுக்க வெச்சோம். தண்ணி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு.”

மாதம்மா எழுந்து நின்றாள். “பேசுனாரா?”

முனுசாமி அவளைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“பேசுனாரும்மா. ‘யாராச்சும் பாத்தீங்களா’ன்னு கேட்டாரு. ‘பாத்தோம் அண்ணே, நாங்க பாத்தோம்’னு சொன்னோம். சரின்னாரு.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். சற்றுப் பொறுத்து அதை மறுபடி எடுத்து, அதையும் எழுதினார்.